பத்துப் பாளம் ஐஸும் முக்கால் விரலும்

என் மாமனார் காலை ஆறரை மணிக்குக் காலமானார். தான் காலமான விவரத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய படிவத்தை முந்தின வாரமே நிரப்பித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நேரம் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதர்.

முப்பத்தாறு வருஷம் கால்வாய் முன்னுரிமை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் அவர். அந்த அலுவலகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ரயில் நிலையம், சந்தை, ஐஸ் கம்பெனி எல்லாம் கால்வாயின் மேற்கு முனையில். நாங்கள் குடியிருப்பது கிழக்கு முனையில். நடுவில் ஒன்றரை மைல் தண்ணீர். அதன் அகலம் ஒன்றரைப் படகு. எதிரும் புதிருமாக இரண்டு படகு வந்தால் அரைப் படகுக்கு இடம் போதாது. யாராவது ஒருவர் பின்வாங்கிப் பக்கத்து ஒதுக்கத்தில் ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும். அந்தக் காலத்தில் படகுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். அவசரம் யாருக்கென்று முகமே சொல்லிவிடுமாம். இப்படி முகத்தை நம்பிப் போக்குவரத்து நடப்பது ஆபத்து என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்து அலுவலகம் ஒன்றை ஆரம்பித்தார். இன்று அதில் எண்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். நூற்றுப் பதினான்கு விதிகள் இருக்கின்றன. அத்தனையையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவர் என் மாமனார்.

அலுவலகத்தில் எழுதியதோடு விட்டாரா என்றால் அதுதான் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் குறுகலான ஒரு நடை உண்டு. அங்கேயும் விதிகள் இருந்தன. கையில் சூடான பாத்திரத்தோடு வருபவருக்கு ஆறிய பாத்திரத்தோடு வருபவர் வழிவிட வேண்டும். ஆறிய பாத்திரத்துக்கு வெறுங்கை வழிவிட வேண்டும். மாப்பிள்ளை எல்லாருக்கும் வழிவிட வேண்டும். நான் தையல்காரன். வீட்டோடு வந்த மாப்பிள்ளை வேறு. ஒன்பது வருஷம் அந்த நடையில் நான் முன்னால் நடந்ததைவிடப் பின்னால் நடந்ததுதான் அதிகம். ஆனாலும் மனுஷன் போனதும் அந்த நடையில் யாரும் வராதபோதே ஒதுங்கி நின்றேன். ஒன்பது வருஷம் ஒரே ஆளோடு இடித்துக்கொண்டு வாழ்ந்தால் பாசம் வராமல் எங்கே போகும்?

என் மனைவி அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"என்னங்க, தங்கச்சிக்குச் சொல்லியாச்சு. கிளம்பிட்டாளாம். அவ ரயில் வந்து, நடந்து வீடு வந்து சேர சாயங்காலம் ஆறாயிடும். அடிக்கிற வெயிலுக்கு அதுவரைக்கும் தாங்காது. போய் ஐஸ் கொண்டாந்துடுங்க."

"எத்தனை பாளம்?"

"பத்து. அவ அப்பா மூஞ்சியப் பாக்காம நான் எடுக்க விடமாட்டேன். கேட்டுக்குங்க."

காரணம் இருந்தது. மாமனாரும் சின்ன மகளும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஏதோ சின்ன மனத்தாங்கல். அதற்குப் பிறகு யார் முதலில் கடிதம் போடுவது என்பதில் இழுபறி. வயதில் சிறியவர்தான் முதலில் எழுத வேண்டும் என்பது இவர் கட்சி. தப்பு செய்தவர்தான் எழுத வேண்டும் என்பது அவள் கட்சி. கடைசி மாதத்தில் இரண்டு தடவை பேனாவைக் கேட்டு வாங்கினார். எழுதாமலே மூடி வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரரின் படகை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஒன்பது மணிக்கெல்லாம் பத்துப் பாளத்தையும் ஏற்றிக் கோணிச் சாக்கால் மூடித் திரும்பிவிட்டேன். துறையில் டோக்கன் வாங்கினேன். கால்வாய்க்குள் நுழைந்ததும் விதிப்படி மூன்று முறை ஊதலை ஊதி, "வருபவர் யாராயினும் அவருக்கு என் மரியாதை உரித்தாகுக, என் வரிசை எனக்குரியதாகுக" என்ற உறுதிமொழியைத் தண்ணீரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். ஒரு தவளை குதித்தது. பத்தரைக்குள் வீட்டில் இருந்திருக்கலாம்.

பாதி தூரத்தில் எதிரே பஞ்சுப் படகு ஒன்று வந்தது. மெத்தை தைக்கிற பஞ்சு, மூட்டை மூட்டையாக. ஓட்டியவர் என் வயதுக்காரர். இரண்டு படகின் மூக்கும் பத்தடி தூரத்தில் நின்றன.

"என்னண்ணே, ஐஸா? சாவு வீடா?" என்றார்.

"மாமனார்."

"அடடா. நீங்க போங்கண்ணே. என் பக்கம் நூறு அடியில ஒதுக்கம் இருக்கு. நான் பின்னால போயிக்கிறேன். பஞ்சு எங்கே கெட்டுப்போகப் போவுது."

அவர் கழியை ஊன்றினார். படகு ஒரு முழம் பின்னால் போயிருக்கும். கரையிலிருந்து விசில் சத்தம் காதைத் துளைத்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார் அலுவலகத்தின் மேற்பார்வையாளர். ஊரில் இவருக்கு முக்கால் விரல் என்று பெயர். ஒருமுறை முக்கால் விரல் வித்தியாசத்துக்காகக் கல்யாணப் படகு ஒன்றை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தவர். மாப்பிள்ளை வீட்டார் கரை வழியாக நடந்தே போய்த் தாலி கட்டினார்கள் என்று கேள்வி.

"யாரைக் கேட்டு நீங்க பின்னால போறீங்க?" என்றார் பஞ்சுக்காரரிடம்.

"அவருக்கு அவசரம் சார். விட்டுக்கொடுத்தேன்."

"விட்டுக்கொடுக்க நீங்க யாரு? முன்னுரிமை உங்களுக்கா அவருக்கான்னு இன்னும் முடிவாகலை. உங்ககிட்ட இல்லாத ஒண்ண நீங்க எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? இதுக்குப் பேரு சட்டவிரோத விட்டுக்கொடுத்தல். விதி இருபத்தி ரெண்டு. முதல்ல போன முழத்தை முன்னால வாங்க."

பஞ்சுக்காரர் போன முழத்தைத் திரும்ப வந்தார்.

"சார், ரெண்டு பேருக்கும் சம்மதம்னா பிரச்சினையே இல்லையே" என்றேன் நான்.

முக்கால் விரல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படி ஆளாளுக்கு நல்ல மனசோட வழிவிட ஆரம்பிச்சீங்கன்னா நாங்க எதுக்கு? எண்பத்தி ரெண்டு குடும்பம் சார். யோசிச்சுப் பேசுங்க."

இறந்துபோனது யார் என்று சொன்னால் இளகிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னேன். இளகத்தான் செய்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐயாவா? நம்ம ஐயாவா போயிட்டாரு? எனக்கு விரல் பிடிக்கக் கத்துக்கொடுத்தவர் சார் அவரு!" என்று பையிலிருந்து பித்தளைக் கட்டை ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலுவலக விரல் என்பது அதுதான். விரல் அகலத்துக்கு ஒரு கட்டை, கால் கால் விரலாகக் கோடு போட்டது. "பாரம் அதிகமான படகுக்கே முன்னுரிமைன்னு விதி பதினேழை எழுதினது ஐயாதான். ஒரு மணி நேர இடைவெளியில மூணு தடவை அளக்கணும், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுன்னு எழுதினதும் அவர்தான். அந்த விதியை அவர் விஷயத்துலயே நான் தளர்த்தினேன்னு வைங்க, அவருக்கு எவ்வளவு வேதனையா இருக்கும்? என்னால முடியாது சார். அவர் மேல எனக்கு அவ்வளவு மரியாதை."

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினார். நாங்களும் எழுந்து நின்றோம். மௌனத்தில் ஐஸ் சொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

முதல் அளவு பத்து மணிக்கு. தண்ணீருக்கு மேலே தெரிகிற விளிம்பைக் கட்டையால் அளந்தார். என் படகு ஒன்பது விரல் தெரிந்தது. பஞ்சுப் படகு பதினொன்றே முக்கால். தையல்காரன் என்பதால் கழுத்தில் அளவு நாடாவோடே நான் கிளம்பி வந்திருந்தேன். அதில் அளந்தால் ஒரே இழுப்பில் முடிந்துவிடும் என்றேன். அது சட்டைக்குத்தான், சட்டத்துக்கு இல்லை என்றுவிட்டார்.

"சரி, நான்தானே பாரம். போகலாமா?"

"இன்னும் ரெண்டு அளவு பாக்கி. ஆனா நம்பிக்கையோட இருங்க."

நம்பிக்கையோடு இருந்தேன். வெயில் அதைவிட நம்பிக்கையோடு இருந்தது. பதினொரு மணிக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் படகுக்குள் நின்றது. பாளங்கள் சோப்புக் கட்டி போல ஓரம் மழுங்கிப்போயின. முக்கால் விரல் எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணிய வெச்சுக்கிட்டு அளக்க முடியாது. இறைச்சுடுங்க."

"சார், அது ஐஸ்தான். என் சரக்குதான் உருகிக் கிடக்கு."

"டோக்கன்ல என்ன எழுதியிருக்கு? ஐஸ் பத்துப் பாளம். தண்ணின்னு எழுதியிருக்கா? டோக்கன்ல இல்லாததை நீங்க ஏத்திக்கிட்டு வந்திருந்தா அது தனி வழக்கு."

பஞ்சுக்காரர் தந்த டிபன் பாக்ஸ் மூடியால் என் முன்னுரிமையை நானே இறைத்து வெளியே ஊற்றினேன். படகு மெல்ல மேலே எழும்பியது. பத்தேகால் விரல்.

ஒரு பாளத்தையாவது தலையில் வைத்துக் கரை வழியாக ஓடுகிறேனே என்று கெஞ்சினேன். தகராறில் இருக்கும் சரக்கைக் குறைக்கக் கூடாதாம். நான் குறைத்தால் குற்றம், சூரியன் குறைத்தால் இயற்கை. பஞ்சுக்காரர் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார். இன்னொரு கவளத்தை முக்கால் விரலுக்கு நீட்டினார். தரப்பினரிடமிருந்து எதையும் வாங்குவதில்லை என்று சொல்லி அவர் கரையிலேயே பட்டினி கிடந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆள் பைசா வாங்குகிறவர் இல்லை. வாங்குகிறவராக இருந்திருந்தால் பத்தேகால் மணிக்கெல்லாம் நான் வீட்டில் இருந்திருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது அளவு. மறுபடி இறைத்தேன். பாளங்களைக் கூட்டிக் கணக்குப் பார்த்தால் ஆறு தேறும். என் படகு பன்னிரண்டரை. பஞ்சுப் படகு அதே பதினொன்றே முக்கால்.

"முக்கால் விரல்!" என்றார் முக்கால் விரல். குரல் தழுதழுத்தது. "பஞ்சுதான் பாரம். பஞ்சுக்கு முன்னுரிமை. நீங்க பின்வாங்குங்க."

"எங்கே சார் பின்வாங்குறது? எனக்குப் பின்னாடி இருக்கிற ஒதுக்கத்துல அதிகாரிகளுக்கு மட்டும்னு பலகை வெச்சிருக்கீங்களே."

"அதனாலதான் துறை வரைக்கும் போகணும்."

பஞ்சுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இப்பதான் முன்னுரிமை எனக்குன்னு ஆயிடுச்சே. இப்பவாவது விட்டுக்கொடுக்கிறேன் சார். அந்த மனுஷன் மூஞ்சியப் பாருங்க."

"கிடைச்ச முன்னுரிமையை மறுக்கிறது விதி முப்பத்தொண்ணு. முன்னதைவிடக் கடுமையான குற்றம். ஆபீஸ் கஷ்டப்பட்டு ரெண்டு மணி நேரம் உழைச்சுக் கொடுத்ததை வேண்டாம்ங்கிறீங்களா?"

எனக்கு அழுகை வந்தது. மாமனாருக்காகக்கூட அல்ல. ரயிலில் இரண்டு வருஷத்துக் கடிதத்தை வாயில் மென்றுகொண்டு வந்துகொண்டிருக்கும் மச்சினிக்காக. அவள் வந்து பார்க்கும்போது வீட்டில் மூடிய பெட்டிதான் இருக்கும் என்றால் என் மனைவியின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஐஸ் வாங்கி வா என்று ஒரே ஒரு வேலை சொன்னாள். கழியை எடுத்துத் துறையை நோக்கித் திரும்பினேன். அப்போதுதான் அந்தத் துறைப் பக்கத்திலிருந்தே ஊதல் கேட்டது. மூன்று அல்ல, ஒன்பது முறை. ஒன்பது ஊதல் என்றால் தலைமை அதிகாரி.

வெள்ளை மோட்டார் படகு. கால்வாய்க்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இரு கரையையும் அடைத்துக்கொண்டு வந்தது. நடுவில் நாற்காலி போட்டுத் தலைமை அதிகாரி உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய மலர் வளையம். என் மாமனாருக்கு அஞ்சலி செலுத்தத்தான் வந்துகொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சுப் படகுக்குப் பின்னாலிருந்து எட்டு ஊதல் கேட்டது. துணைத் தலைமை அதிகாரி. இவர் எங்கள் வீட்டுக்குப் போய் மலர் வளையம் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

தலைமை அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் வளையம் வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க எப்படி வெச்சீங்க?"

"துக்கம் தாங்காம போயிட்டேன் சார்."

"துக்கத்துக்கு ஒரு வரிசை இல்லையா? நான் தாங்கிக்கிட்டு இல்லை? காலையில ஏழு மணியிலேர்ந்து தாங்கிக்கிட்டு இருக்கேன், வளையத்துல வைக்கிற கார்டு அச்சாகி வரட்டும்னு!"

பிறகு நடுவில் கிடந்த எங்களைக் கவனித்தார். "இது என்ன குப்பை?"

முக்கால் விரல் நிமிர்ந்து நின்று வழக்கின் விவரத்தை முதலிலிருந்து சொன்னார். தலைமை அதிகாரி பாதியிலேயே கையை உயர்த்தினார். "ரெண்டையும் தூக்கிக் கரையில போடு. தண்ணில இல்லாத படகு படகே கிடையாது, தட்டுமுட்டுச் சாமான். தட்டுமுட்டுச் சாமானுக்கு முன்னுரிமை ஏது?"

"சார், மூணாவது அளவு முடிஞ்சு தீர்ப்பு..."

"தீர்ப்பு இருக்கட்டும்யா, அது எங்கே போகப்போகுது."

நானும் பஞ்சுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குதித்து இறங்கினோம். மூட்டைகளைக் கரையில் இறக்கி, அவற்றின் மேல் ஐஸைப் போட்டு, காலிப் படகுகளை இழுத்தோம். இரண்டு மோட்டார் படகின் ஓட்டுநர்களும் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். அவர்கள் இருவரும் ஒரே தெருக்காரர்கள்.

நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தலைமை அதிகாரி எழுந்து, எழுதிக்கொண்டு வந்திருந்த இரங்கல் உரையைப் படித்தார். துணை அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே படித்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

"மறைந்த தலைமை எழுத்தர் ஓர் ஒப்பற்ற மனிதர். அவர் பணியில் சேர்ந்தபோது இந்தக் கால்வாயைக் கடக்க அரை மணி நேரம் ஆயிற்று. இன்று ஆறு மணி நேரம் ஆகிறது. இந்த வளர்ச்சி தனி ஒருவரின் சாதனை. அன்று படகுக்காரர்கள் பன்னிரண்டு பேர், அலுவலர் அவர் ஒருவரே. இன்று அலுவலர்கள் எண்பத்திரண்டு பேர், படகுக்காரர்கள் ஒன்பதாகக் குறைந்திருக்கிறார்கள். அந்த ஒன்பது பேரும் இல்லாத ஒரு நாள் வரும். அன்று இந்தக் கால்வாயில் ஒரு தகராறுகூட இருக்காது. அந்த நாளைக் காண அவர் நம்மோடு இல்லையே என்பதுதான் என் வேதனை."

முக்கால் விரல் விசும்பினார்.

கரை காலியானதும் இரண்டு மோட்டார் படகும் கம்பீரமாக முன்னேறின. மூக்கும் மூக்கும் முட்டின. நின்றன. பதவியில் பெரியவர் இவர். பணியில் சேர்ந்த தேதியில் பதினோரு நாள் பெரியவர் அவர். யார் மூத்தவர் என்பது நான்கு வருஷமாகக் கோர்ட்டில் இருக்கிறது. இன்றைக்கு யார் ஓரடி பின்வாங்கினாலும் நாளைக்கு அதையே சாட்சியாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இருவரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள்.

துணை அதிகாரியின் படகுக்குப் பின்னால் என் படகைத் தண்ணீரில் இறக்கினோம். பஞ்சுக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்துப் பாளங்களைச் சுற்றிச் சுற்றிப் பொதிந்தார்.

"பஞ்சுல சுத்திட்டா உருகாதுண்ணே. வேகமாப் போங்க."

"ஈரமாயிடுமே. உங்க சரக்கு..."

"மெத்தைதானே, காய வெச்சுத் தெச்சா போச்சு. தங்கச்சி வந்துடப் போவுது, கிளம்புங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தபோது ஐந்து பாளம் இருந்தது. என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆபீஸா?"

"ஆமா."

"விடுங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

ஆறேகாலுக்கு மச்சினி வந்தாள். வேர்க்க விறுவிறுக்கக் கரை வழியாகவே நடந்து வந்திருந்தாள். மாமனாரின் முகம் அப்படியே இருந்தது, விதி ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முயல்பவர் போலப் புருவம் மட்டும் லேசாகச் சுருங்கி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்ப்பா முதல்ல வந்தேன். பாத்தீங்களா? நானே வந்துட்டேன்" என்றாள். என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை எடுத்துப் போக வேண்டும். மயானம் எதிர்க்கரையில். எப்போதும் படகில்தான் கொண்டுபோவார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் துறையில் எல்லாப் படகுகளையும் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கால்வாயில் தகராறு இருக்கும்வரை எந்தப் படகும் அவிழ்க்கக் கூடாதாம். தகராறு இன்னும் இருக்கிறதா என்று காவலாளியைக் கேட்டேன். இரண்டு தகராறும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

"தோள்ல தூக்கிக்கிட்டுக் கரை வழியா போவோம்" என்றாள் என் மனைவி.

"அந்தப் பக்கம் எப்படிம்மா தாண்டுறது?" என்றேன்.

"போய்ப் பாத்துக்கலாம், வாங்க."

நானும், பக்கத்து வீட்டுக்காரரும், அவர் தம்பியும், விடியற்காலையிலேயே நடந்து வந்துவிட்ட பஞ்சுக்காரரும் பெட்டியைத் தூக்கினோம். அக்காவும் தங்கையும் பின்னால் நடந்தார்கள். முக்கால் மைல் போனதும் அவை தெரிந்தன. இரண்டு வெள்ளைப் படகுகள் மூக்கோடு மூக்கு முட்டி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடைவெளி விடாமல், சும்மா சொல்லக் கூடாது, அருமையான பாலமாகக் கிடந்தன.

என் மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏறுங்க" என்றாள்.

தலைமை அதிகாரிக்கு ஒருநாள் தாடி. துணை அதிகாரிக்குக் கண் வீங்கியிருந்தது. பெட்டியைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள்.

"என்ன பண்றீங்க? இது அலுவலகப் படகு! யார் அனுமதி கொடுத்தது?" என்றார் தலைமை அதிகாரி.

கரையில் சைக்கிள் மேலேயே தூங்கிப்போயிருந்த முக்கால் விரல் பதறி எழுந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எதிரே வருவது, பின்னால் வருவது, முந்திப் போவது, நின்றுவிடுவது, மூழ்குவது, எல்லாம் இருந்தன. மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"குறுக்கே போறதைப் பத்தி ஐயா ஒண்ணும் எழுதலை சார்" என்றார்.

"எழுதலைன்னா?"

"யாரும் ஆட்சேபிக்க முடியாது சார்."

தலைமை அதிகாரி யோசித்தார். எதிரில் துணை அதிகாரி ஏற்கெனவே தன் நாற்காலியை நகர்த்தி வைத்து, "என் படகு மேல வாங்க, இடம் இருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதெப்படி? இவ்வளவு சேவை செஞ்சவர் துணை அதிகாரி படகு மேலயா போவாரு? என் படகு மேலதான் போகணும். அதுதான் அவருக்கு மரியாதை!"

"சார், மலர் வளையமே என்னுதுதான் முதல்ல..."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள் என் மனைவி. உரக்கக்கூடச் சொல்லவில்லை. "எங்கப்பா போகணும். தள்ளி நில்லுங்க."

அந்தக் கால்வாயில் எண்பத்திரண்டு பேரும் சேர்ந்து அதுவரை பிறப்பிக்காத தெளிவான உத்தரவு அது. இருவரும் தள்ளி நின்றார்கள். இரண்டு மூக்கும் சேருமிடத்தில், ஒரு கால் அந்தப் படகிலும் ஒரு கால் இந்தப் படகிலுமாகப் போனோம். நடுவில் படகுகள் சாய்ந்தன. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தலைமை அதிகாரி பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கத்தைத் துணை அதிகாரி பிடித்துக்கொண்டார். விட்டால் தண்ணீரில் விழவேண்டும் என்பதால் விடாமல் பிடித்தபடியே எங்களோடு எதிர்க்கரையில் இறங்கினார்கள். இறங்கின பிறகுதான் இறங்கிவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் படகைப் பார்த்தார்கள். முதலில் திரும்பிப் போகிறவர் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. ஆகவே வேறு வழியில்லாமல் மயானம் வரைக்கும் வந்தார்கள்.

குழி தயாராக இருந்தது. பெட்டியை இறக்கினோம். முதல் பிடி மண் போட வேண்டும். தலைமை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார். துணை அதிகாரியும் ஓரடி வைத்தார். இருவரும் நின்றார்கள். முக்கால் விரல் புத்தகத்தைத் திறந்தார்.

என் மனைவி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். மூத்தவள் அவள், ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தவருக்குப் பணிவிடை செய்தவளும் அவள். அந்த மண்ணைத் தங்கையின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீதான் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்தவ. போ."

மச்சினி போட்டாள். பிறகு என் மனைவி போட்டாள். பிறகு நான், பஞ்சுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அவர் தம்பி, யார் எங்கே நின்றோமோ அந்தப்படிக்குப் போட்டோம். மண்வெட்டிக்காரர் வந்து மீதியைத் தள்ளினார். நாங்கள் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அதிகாரிகள் இருவரும் ஆளுக்கொரு பிடி மண்ணோடு அதே இடத்தில் நின்றிருந்தார்கள். நடுவில் முக்கால் விரல் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் முடிவு செய்வதற்குள் குழி மூடிவிட்டது.